அறுபது அடி மரவேலிக்கு என்ன செலவாகும்?

"வீடு வாங்கியாச்சு, இனிமே வேலி ஒண்ணுதானே பாக்கி" என்று சேமநிதிப் பணத்தில் கைவைத்த பெரியவர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது தாமானில் மூலை வீடு. முன்புறமும் பக்கவாட்டிலுமாக 60 அடி. அடிக்கு 50 வெள்ளி என்று பேசி, 3,000 வெள்ளிக்கு மரவேலி போட்டிருக்கிறார். நாம் போனபோது அந்த வேலி, பக்கத்து மாமரத்தில் கட்டிய கயிற்றின் தயவில் நின்றுகொண்டிருந்தது!

"ரெண்டு மழைக்காலம் தாங்கலைங்க. தொட்டா கிழவன் பல்லு மாதிரி ஆடுது" என்றார்.

2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அப்படியானால் ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் இப்படி ஆடிக்கொண்டிருக்கிறது.

ஒரு காலைப் பிடுங்கிப் பார்த்தோம். மேலே மரம் நன்றாகத்தான் இருக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் உளுத்துக் கரையான் புற்றாகிவிட்டது. ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் அதுதான். எந்த மரவேலியும் முதலில் அங்கேதான் போகும்.

லயத்து வீடுகளில் நாம் வேலிக்குக் காசு கொடுத்தோமா? மரவள்ளிக் குச்சியை நட்டோம், துளிர்த்தது. பால்மரக் கிளையை நட்டோம். உளுத்தால் வேறொன்று வெட்டினோம். அந்தப் பழக்கத்தில்தான் "எந்த மரமானால் என்ன?" என்று நினைத்துவிடுகிறோம். பால்மரம் மேசை நாற்காலிக்கு அருமையான மரம். மருந்து ஏற்றாமல் மழையிலும் மண்ணிலும் வைத்தால் பூஞ்சணமும் துளைப்பூச்சியும் சும்மா விடா.

சரி, கணக்குக்கு வருவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

60 அடிக்கு ஏழரை அடிக்கு ஒரு கால் என்றால் 9 கால், கேட்டுக்கு ஒன்று கூட்டி 10. ஒவ்வொன்றும் நாலுக்கு நாலு அங்குலம், 6 அடி நீளம். இரண்டு அடி மண்ணுக்குள், நாலு அடி மேலே. குறுக்குச் சட்டம் இரண்டு வரிசை, ரெண்டுக்கு மூணு அங்குலத்தில் 120 அடி. நிற்கும் பலகை மூன்று அங்குல அகலம், மூன்று அங்குல இடைவெளி என்றால் 120 பலகை. ஒரு அங்குலத் தடிப்பில், ஆளுக்கு நாலு அடியாக 480 அடி. பலகைக்கு நாலு ஆணி வீதம் 480 ஆணி. துத்தநாகம் பூசிய ஆணியாகக் கேளுங்கள், சாதா ஆணி துருப்பிடித்துப் பலகையில் கறை இறங்கும்.

இதையெல்லாம் கன அடியாக்கினால் பலகை 10, சட்டம் 5, கால்கள் ஏழுக்கும் குறைவு. மொத்தம் 22 கன அடிக்கு உள்ளேதான். பலகை ஆலையில் ஒரு டன் என்பது 50 கன அடி, ஆகவே நமக்கு அரை டன்கூட வேண்டாம். கால்கள் மொத்த மரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கெடுவதோ அதுதான்! எல்லாவற்றையும் உயர்ந்த மரத்தில் போட நம்மால் முடியாது. கால்களை மட்டும் செங்கால் மரத்தில் வாங்கலாம் (செங்கல் இல்லை, செங்கால்!). அல்லது மருந்து ஏற்றிய கெம்பாஸ், கெருயிங் போதும். மேலே நிற்கும் பலகை விலை குறைந்ததாக இருக்கட்டும், சாயம் பூசிக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

குழியின் அடியில் கொஞ்சம் கல் போட்டு, காலைச் சுற்றி ஊற்றும் சிமெந்தை வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிடுங்கள். தட்டையாக விட்டால் தண்ணீர் தேங்கும்.

இன்னொன்று, தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. மருந்துக் கட்டைகளில் சிலவற்றுக்குப் பாஷாணம் கலந்த மருந்து ஏற்றுவார்கள். மிச்சத் துண்டுகளை அடுப்பில் வைக்கவே கூடாது, அந்தப் புகை விஷம்.

இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகத்தைக் கேளுங்கள். வீடு கம்பெனியுடையது, வேலையை விட்டுப் போகும்போது வேலியைச் சுருட்டிக்கொண்டா போக முடியும்? அங்கே செம்பருத்தி வேலியே போதும். தாமான்காரர்கள் எல்லைக்கல்லைத் தேடிப் பார்த்துவிட்டுக் குழி தோண்டுங்கள். அதைப் பிடுங்குவது குற்றம்.

நம் பெரியவருக்கு வேலி போட்டவர் ரசீதில் "மரவேலி, 60 அடி" என்று மட்டும் எழுதிப் பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கியிருக்கிறார். என்ன மரம், என்ன அளவு, ஒன்றுமே இல்லை. இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். 120இல் நாலைந்துதான் கெட்டிருந்தன. சட்டமும் நன்றாகவே இருந்தது. "அப்போ பத்துக் காலு மட்டும் மாத்துனா போதுங்களா?" என்று பெரியவர் முகம் மலர்ந்து, அன்றைக்கே பலகைக் கடைக்கு விலை கேட்கக் கிளம்பினார்.

"பேப்பர்ல எழுதி வாங்குங்க. முன்பணம் எதுவும் குடுத்துட்டு வந்துடாதீங்க!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.