திமிங்கலம் பார்க்கப் போறீங்களா? 'இன்னும் கிட்ட போங்க'ன்னு மட்டும் சொல்லாதீங்க!

திமிங்கலம் நெல்லைக்காரர்களுக்கு அந்நியமில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, திருச்செந்தூர் - மணப்பாடு கரையில் 2016 ஜனவரியில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். மீனவர்கள் கடலுக்குள் இழுத்துவிட்டும், சில திரும்பக் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. 45 இறந்துபோயின.

உயிரோடு நீந்தும் திமிங்கலத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இப்போது இலங்கைக்கு டிக்கெட் போடுகிறார்கள். தென்கரையில் உள்ள மிரிஸ்ஸாவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். அங்கே ஸ்டார், நீலத் திமிங்கலம். வேறு கடல்களில் இவை இரை தேடிக் குளிர்ந்த கடலுக்குப் போய்விடும். இலங்கைப் பக்கம் இருப்பவற்றில் பல, வெதுவெதுப்பான நீரிலேயே வருஷம் முழுக்கத் தங்கிவிடுகின்றன. இதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ்.

சரி, போய்ப் பார்த்தால் அதுக்கு என்ன கஷ்டம்?

திமிங்கலம் மீன் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுது. ஆழத்தில் இரை தேடிட்டு மேலே வந்து, சில நிமிஷம் நிதானமா மூச்சு வாங்கினால்தான் மறுபடி இறங்க முடியும். அந்த நேரத்தில் நாலைந்து படகுகள் பாய்ந்து வந்து வழியை மறித்தால், மூச்சு வாங்கி முடிக்காமலே உள்ளே போயிடும். இதே கதை தினமும் நடந்தால் இரை தேடும் நேரமும் தெம்பும் வீண்.

இலங்கையில் இதற்கென 2012-லேயே விதிமுறை வந்தது; திமிங்கலத்திடமிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்கணும். முன்னால் போய் மறிக்காமல், பின்னால் துரத்தாமல், பக்கவாட்டில் மெதுவாகப் போவதே முறை. தாயையும் குட்டியையும் பிரிக்கிற மாதிரி நடுவில் புகவே கூடாது. படகோட்டிக்கும் இது தெரியும். ஆனால், "காசு கொடுத்திருக்கோம், இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க அண்ணே" என்று படகே கத்தினால், அவரும் என்ன செய்வார்? ரீல்ஸுக்கு ஜூம் போதும்.

பெரிய கப்பல்களின் ஆபத்து தனி. தென்கரையை ஒட்டியே உலகின் பரபரப்பான கப்பல் பாதை ஒன்று போகிறது. மோதினால் திமிங்கலம் பிழைப்பது கஷ்டம். எம்.எஸ்.சி. நிறுவனம் 2022-ல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது.

புக் பண்ணும் முன் ஒரு கேள்வி: "எத்தனை மீட்டர்ல நிறுத்துவீங்க?" 'தொட்டுப் பார்க்கலாம்' ரக விளம்பரம் என்றால் வேறு படகு பாருங்கள். ஜூன், ஜூலையில் லீவு கிடைப்பவர்கள், மிரிஸ்ஸா கடல் கொந்தளிக்கும் என்பதால் திருகோணமலைப் பக்கம் விசாரிக்கலாம்.