க்ரஃப்ட்ஸ் மேடைக்குப் பின்னால் முடி பறக்குது!

சத்தம் போடாம என் பின்னாலேயே வாங்க. பொதுமக்களுக்குக் கதவு திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், என்.இ.சி. அரங்கம், நடுங்க வைக்கும் மார்ச் காலை. 1891-ல் சார்லஸ் க்ரஃப்ட் லண்டனில் தொடங்கிய க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி 1991 முதல் இங்கேதான் நடக்கிறது. டி.வி.யில் பார்ப்பவர்களுக்குப் பச்சைக் கம்பளமும் கோப்பையும்தான் தெரியும். நாம் நுழைந்திருப்பதோ டெரியர்கள் காத்திருக்கும் கொட்டடிக்கு!

பார்த்துக் காலை வையுங்க. தரையெல்லாம் முடி. மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், பாதி கடித்த சாண்ட்விச், கால் தடுக்கும் டிரையர் வயர். தடுப்பு வைத்த பலகை மேடைகளில் வரிசையாக நாய்கள். போட்டி இல்லாத நேரத்தில் அவை இங்கேதான் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கோ ஒன்று குரைக்கிறது. அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பதில் பாட்டு!

இதோ, நாம் பார்க்க வந்த ஆள்: வயர் ஃபாக்ஸ் டெரியர். காமிக்ஸ் நாயகன் டின்டின் கூடவே ஓடும் ஸ்னோயி இந்த இனம்தான். நரியை வளையிலிருந்து வெளியே விரட்ட வளர்த்த வேட்டை நாய். உயரம் 39 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஆனால் பார்வையில் இருக்கும் மிடுக்கு ஏழடிக்கு!

“தொட்டுப் பாருங்க” என்கிறார் வளர்க்கிற அம்மா. தொட்டால் சொரசொரவென்று இருக்கிறது. இந்த இனத்துக்கு எழுதி வைத்திருக்கும் அங்க லட்சணத்திலேயே மேல்முடிக்கு என்ன உவமை தெரியுமா? தேங்காய் நார் மிதியடி! நம் வீட்டு வாசலில் கிடக்குமே, அதேதான். விரலால் விலக்கினாலும் தோல் தெரியவில்லை. அடியில் மெத்தென்று இன்னொரு அடுக்கு முடி.

அந்த அம்மா கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நாலைந்து முடியைப் பிடித்து, வளர்ந்த திசையிலேயே வெடுக்கென்று இழுக்கிறார். எனக்கு மனசு பதறுகிறது. நாயோ கொட்டாவி விடுகிறது! முதிர்ந்து உயிர் போன முடி அது, சுலபமாகக் கழன்று வந்துவிடும். அந்த இடத்தில் புதுசு கம்பி மாதிரி விறைப்பாக முளைக்கும். மெஷின் போட்டு வெட்டினால் மேனி மெத்தென்றாகும், நிறமும் வெளிறிப்போகும். அதனால் வாரா வாரம், கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் கைவேலை. விரல் நுனியைத் திருப்பிக் காட்டுகிறார், தோல் காய்ப்புக் காய்த்திருக்கிறது. வெளியே கைதட்டு வாங்கப்போகும் அழகு அத்தனையும் அந்த இரண்டு விரல்களில் இருக்கிறது.

பிடித்து இழுக்கும்போது முடி வழுக்காமல் இருக்க சாக்பீஸ் பொடி. நாய் ஒரு தும்மல் போட, அவருடைய கறுப்புப் பேன்ட் வெள்ளையாகிவிட்டது! போட்டி வளையத்துக்குள் போகும்போது பொடியின் சுவடு இருக்கக்கூடாது என்பதால் இப்போது ஒரே பிரஷ் மயம். “என் தலையை வார நேரமில்ல, இவன் தாடிக்கு மட்டும் காலையிலேர்ந்து மூணு தடவை சீவியாச்சு” என்று அவர் சொல்ல, பக்கத்து மேடைக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

வீட்டில் செல்லமாக வளர்ப்பவர்களுக்கு இத்தனை பாடு வேண்டாம் என்கிறார். வாரத்தில் சில முறை சீப்பு, சாப்பிட்டதும் தாடியைத் துடைப்பது, ஆண்டுக்குச் சில முறை முடி எடுப்பது போதும். கண்டிப்பாக வேண்டியது ஓட்டமும் விளையாட்டும். “சும்மா உட்கார வெச்சா தோட்டத்தைத் தோண்டிக் கிணறாக்கிடுவான்!”

அழைப்பு வந்துவிட்டது. கோட்டுப் பையில் வேகவைத்த ஈரல் துண்டுகள், நாயின் மூக்கு அந்தப் பையை விட்டு நகரமாட்டேன் என்கிறது. மேசைமேல் நிறுத்தி நடுவர் பல்லையும் முதுகையும் தடவிப் பார்க்கும்போது இந்த அம்மாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. இரண்டு டெரியர்களை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். ஆஹா, வால் விறைத்து, காது நிமிர்ந்து, முறைப்பைப் பாருங்க!

பரிசு இன்னொருவருக்கு. திரும்பி வந்த வேகத்தில் நம்மாள் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தாடியோடு முகத்தை அமுக்கி, தரையில் மல்லாந்து உருளுகிறான். காலை முழுக்கச் செய்த ஒப்பனை காலி! அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், மிச்ச ஈரல் மொத்தமும் அவனுக்கே. அடடா, அடுத்த வரிசையில் ஏர்டேல் டெரியருக்குத் தாடி சீவ ஆரம்பிச்சுட்டாங்க. ஓடி வாங்க!