குளக்கரையில் கற்ற பாடம்

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் நம்மில் எத்தனை பேர் ஊர்க் குளத்தைத் திரும்பிப் பார்க்கின்றோம்? பேருந்துக்கு விரைகின்றோம், இறைச்சிக் கடைக்கு விரைகின்றோம். குளம் தன் பாட்டில் கிடக்கின்றது. ஆனால் அந்த நேரத்தில்தான் அங்கே பெரியதோர் சந்தை கூடியிருக்கின்றது. விற்பவரும் வாங்குபவரும் இல்லாத சந்தை அது. சிறகு படைத்த உயிர்கள் தத்தம் காலை உணவைத் தேடிக் கூடும் சந்தை.

நெல்லைச் சீமையிலே குளங்களுக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணியின் கால்வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்களை நிரப்பிச் செல்கின்றன. நெல்லை நகரின் நடுவேயே, நெல்லைக் கால்வாயின் நீரைப் பெறும் நயினார்குளம் இருக்கின்றது. நெல் விளைவதற்காக நம் முன்னோர் வெட்டிய இக்குளங்களில் நீரோடு மீனும் நத்தையும் பெருகின. அவற்றைத் தேடிப் பறவைகளும் வந்தன. எனவே பறவை காண நாம் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. கரைமீது ஏறினாலே போதும்.

ஆழத்திற்கு ஏற்ற பந்தி

முதன்முதலாகக் கரையில் நிற்பவருக்கு எல்லாம் ‘கொக்கு’ என்றே தோன்றும். சற்றுப் பொறுமையோடு நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒவ்வொரு பறவையும் தனக்குரிய ஆழத்தில் மட்டுமே பந்தியில் அமர்கின்றது.

ஆழமான நடுக்குளத்தில் கூழைக்கடாக்கள் அணிவகுத்து நீந்தி மீன்களை வளைத்து, பைபோன்ற தாடையால் அள்ளுகின்றன. நீர்க்காகம் மூழ்கி மீன் பிடிக்கின்றது. அதன் இறகுகள் நனைந்துவிடுவதால், வேட்டை முடிந்ததும் பட்டமரக் கிளையில் அமர்ந்து இறக்கைகளை விரித்து வெயிலில் உலர்த்துகின்றது. முக்குளிப்பான் என்னும் சிறு பறவை ‘இதோ’ என்று நாம் விரல் நீட்டுவதற்குள் மூழ்கி, வேறோர் இடத்தில் தலைகாட்டும்.

முழங்கால் அளவு நீரில் மஞ்சள்மூக்கு நாரை நிற்கின்றது. இது கண்ணால் மீன் தேடுவதில்லை. அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கின்றது. மீன் பட்டதும் நொடிப்பொழுதில் அலகு மூடிக்கொள்கின்றது. அருகே கரண்டிவாயன் தன் தட்டை அலகை இப்புறமும் அப்புறமும் வீசி நீரைத் துழாவுகின்றது. நத்தைகுத்தி நாரையின் அலகிலோ நடுவே ஓர் இடைவெளி. அது நத்தை உண்பதற்கென்றே அமைந்தது. வயலில் நத்தைகளைத் தின்று தீர்க்கும் அதற்கு உழவர் நன்றி சொல்ல வேண்டும்.

கரையோரச் சேற்றில் உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துகின்றன. தாமரை இலைகளின் மேல் நீண்ட விரல்களை ஊன்றி இலைக்கோழி நடக்கின்றது. ஒரே குளம், ஆனால் எத்தனை பந்திகள்! ஒருவர் இலையில் மற்றவர் கைவைப்பது அரிதாகவே இருக்கின்றது.

தொலைவிலிருந்து வரும் விருந்தினர்

நெல்லை மாவட்டம் நாங்குநேரிப் பகுதியில் கூந்தன்குளம் என்றோர் ஊர் உண்டு. மழைநீரும் மணிமுத்தாற்றுக் கால்வாய் நீரும் நிறைக்கும் அவ்வூர்க் குளம், 1994ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்து மரங்களில் மட்டுமன்றி, வீடுகளை ஒட்டிய மரங்களிலும் கூடு கட்டுகின்றன. பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. பறவைகளின் அமைதி கெடாதிருக்க, தீபாவளிக்குக்கூட அவர்கள் வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டல் அவர்களுடைய வயலுக்கு உரமாகின்றது.

குளிர்காலத்தில் இங்கே வரித்தலை வாத்துகள் வருகின்றன. வெண்ணிறத் தலையில் இரண்டு கரிய பட்டைகள் கொண்ட இவ்வாத்து, திபெத்து, மங்கோலியா போன்ற நாடுகளின் உயர்ந்த ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டித் தென்னாட்டுக்கு வருகின்றது. 7000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இவை பறந்ததை அறிவியலார் கருவி பொருத்தி அளந்திருக்கின்றனர். அவ்வளவு உயரத்தில் மனிதன் மூச்சுவிடவே திணறுவான். நாரை தெற்கே வந்து வடக்கே மீள்வதைச் சத்திமுத்தப் புலவரும் அறிந்திருந்தார். வலசை என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலின் வரலாறு இன்னும் பழைமையானது. ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டு வந்ததைப் பொறாத ஊரார், மாவட்ட ஆட்சியராயிருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை உறுதி செய்யும் பத்திரத்தை 1798ஆம் ஆண்டில் அவரிடமிருந்து பெற்றனர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வந்தது 1972இல் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வேழை உழவரின் முன்னறிவு விளங்கும். கூந்தன்குளமும் வேடந்தாங்கலும் 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2ஆம் நாள் உருவான உலக உடன்படிக்கையின்கீழ் அமைந்த பட்டியல் அது.

படம் பிடிக்கும் கலை

காணும் அழகைப் படமாக்கி வைத்துக்கொள்ள எவருக்கும் ஆசை எழும். இத்துறையில் நம் மண்ணுக்குப் பெருமை தேடித் தந்தவர் மா. கிருஷ்ணன். புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912இல் நெல்லையில் பிறந்தவர், 1996இல் மறைந்தவர். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒளிப்படக் கருவியால், கறுப்பு வெள்ளையிலே காட்டுயிர்களைப் படம் பிடித்தார். விலை உயர்ந்த கருவியைவிடப் பொறுமையே பெரிது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்: கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். காலை முதல் இரண்டு மணி நேரத்து ஒளியே சிறந்தது. நின்று எடுப்பதைவிடத் தாழ அமர்ந்து, பறவையின் கண் மட்டத்திலிருந்து எடுத்தால் படம் உயிர் பெறும். கூர்மை பறவையின் கண்ணில் விழ வேண்டும். கொக்கு போன்ற வெண்பறவைக்கு ஒளியைச் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் இறகின் வரிகள் மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பறக்கும் பறவைக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ வேண்டும். தொலைவுக் கண்ணாடிவில்லை இல்லாதோர் வருந்த வேண்டா. இருகண் நோக்கியும் ஒரு குறிப்பேடும் இருந்தாலே பாதிப் புலமை வந்துவிடும்.

இவ்வளவும் சொல்லிய நாம், சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நான்கு முட்டைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். நம் பங்கை அடுத்த குளம் வற்றி, நடுவே சிறிது நீர் மட்டுமே எஞ்சியிருந்தது. பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்த நம் மகன், தாய்மாமனிடம் இரவல் வாங்கிய ஒளிப்படக் கருவியோடு துள்ளிக்கொண்டு வந்தான். குளத்தின் காய்ந்த தரையில் நடந்தபோது ஆள்காட்டிப் பறவைகள் இரண்டு தலைக்கு மேலே கத்திக்கொண்டு வட்டமிட்டன. ஏன் இத்தனை கூச்சல் என்று தேடினோம். காலடியிலிருந்து பத்தடி தொலைவில், கூழாங்கற்களின் நடுவே, நான்கு முட்டைகள்! மண்ணின் நிறமும் கரும்புள்ளிகளும் கொண்டு கல்லோடு கல்லாய்க் கிடந்தன.

“அப்பா, தாய்ப் பறவை வந்து அமர்ந்ததும் எடுத்துவிடலாம்” என்றான் மகன். நாமும் இசைந்தோம். அது வரவில்லை. சற்று அருகே சென்று காத்திருந்தோம். அப்போதும் வரவில்லை, கூச்சல்தான் ஏறியது. இப்படியே அரைமணி நேரம் கழிந்தது.

மடை பார்க்க வந்த முதியவர் ஒருவர் கரையிலிருந்து குரல் கொடுத்தார்: “எய்யா, அது உங்களத்தான் வையுது! கொஞ்சம் தள்ளிப் போங்க. முட்ட வெயில்ல கெடக்குல்லா!”

“இதோ, ஒரு படம் மட்டும், பெரியவரே” என்றோம். முட்டைகளை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பினோம். அழகான படம். அன்று மாலை அண்டை வீட்டார் அனைவரும் பார்த்துப் பாராட்டினர்.

மறுநாள் காலை மீண்டும் சென்றோம். முட்டைகள் இல்லை. இரண்டு ஓட்டுத் துண்டுகளே கிடந்தன. ஆள்காட்டிகள் கத்தவுமில்லை. முதியவர் அங்கே இருந்தார். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “பனையில காக்கா ஒண்ணு இருந்துச்சு. நீங்க நின்ன எடத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார்.

பின்னர்தான் நூல்களைப் புரட்டினோம். கோடை வெயிலில் ஆள்காட்டி முட்டைகளுக்குச் சூடு தருவதைவிட நிழல் தருவதே பெரிய வேலை. நீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் வழக்கமும் அதற்கு உண்டு. நாம் நின்ற அரைமணியில் அந்த நிழலையும் ஈரத்தையும் தடுத்தோம். மறைவாயிருந்த கூட்டைக் காகத்துக்கும் காட்டிக்கொடுத்தோம். ஆள்காட்டி என்று பறவைக்குப் பெயர்; அன்று ஆளைக் காட்டியது அதுவன்று, நாமே.

மகன் அப்படத்தை அழிக்கவில்லை; போட்டிக்கும் அனுப்பவில்லை. அச்செடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, அதன்கீழ் எழுதினான்: ‘முட்டை நான்கு. நாங்கள் நின்றது அரைமணி. மறுநாள் ஒன்றுமில்லை.’

பார்ப்போர்க்கு உரிய ஒழுக்கம்

அன்றுமுதல் நம் வீட்டில் சில விதிகள் உள்ளன. கூட்டையும் முட்டையையும் அருகே சென்று படம் எடுப்பதில்லை. பறவை தலை நிமிர்ந்து நம்மை உற்று நோக்கினாலோ, மேய்வதை விட்டு நகர்ந்தாலோ, குரல் எழுப்பினாலோ, நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள், உடனே பின்வாங்குகின்றோம். பறக்கும் படம் வேண்டிக் கல்லெறிவதோ கைதட்டுவதோ இல்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை ஏய்ப்பதில்லை. கூடு இருக்கும் இடத்தைக் கைப்பேசி வழியே ஊருக்கெல்லாம் பறைசாற்றுவதில்லை. கொண்டு சென்ற நெகிழிப் பையைக் கொண்டே திரும்புகின்றோம்.

பார்த்ததை எண்ணிக் குறிப்பதும் ஒரு தொண்டே. பெருங்கூட்டமாயின் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடம் கொள்கின்றதெனக் கண்டு, அவ்வளவையே அளவுகோலாக்கி மற்றவற்றை எண்ணலாம். நாள், நேரம், குளத்தின் பெயர், நீரின் நிலை ஆகியவற்றையும் எழுதுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறுகின்றது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர் எண்ணி வருகின்றனர். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் 2015 முதல் பறவைகளைக் கணக்கிடுகின்றனர். சிறுவர் எழுதும் ஒரு வரியும் அக்கணக்கில் சேரும். எந்தக் குளத்தில் கழிவுநீர் கலந்தது, எங்கே ஆக்கிரமிப்பு நேர்ந்தது, எங்கே பறவை வராமற் போயிற்று என்பதை நாளை எடுத்துரைக்க அந்த வரிகளே சான்றாகும்.

பெற்றோர்களே, வரும் ஞாயிறன்று பிள்ளைகளின் கைபிடித்து உங்கள் ஊர்க் குளக்கரைக்குச் செல்லுங்கள். ஒரு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருக்கப் பழக்குங்கள். ஐந்து பறவைகளின் பெயரை அவர்கள் கற்றால் போதும். பெயர் தெரிந்த உயிரின்மீது கல்லெறியக் கை எளிதில் எழாது.

கதையின் முடிவையும் சொல்லிவிடுகின்றோம். கூட்டை இழந்த ஆள்காட்டிகள் மீண்டும் முட்டையிடுவதுண்டு. அவ்வாண்டு வைகாசியில் அதே குளத்தில், முன்னைய இடத்துக்குச் சற்று அப்பால், ஓர் ஆள்காட்டி அடைகாத்திருப்பதைக் கண்டோம். இம்முறை கரையை விட்டு இறங்கவில்லை. நாள்தோறும் கரையிலிருந்தே பார்த்தோம். ஒரு காலை, பஞ்சுருண்டைகள் போன்ற மூன்று குஞ்சுகள் தாயின் பின்னே ஓடின. மகன் ஒரே ஒரு படம் எடுத்தான். அதில் பறவைகள் புள்ளிகளாகவே தெரிகின்றன; விளக்கிச் சொன்னாலன்றி எவருக்கும் புரியாது. குறிப்பேட்டில், பழைய படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அதை ஒட்டியிருக்கின்றான்.