கொல்லைப்புறத்துக் கீரைப் பாத்தி

போடி மேற்கு மலையின் அடிவாரத்தில், அம்பரப்பர் மலையை ஒட்டிக் கிடக்கும் பொட்டிப்புரத்தின் பெயரை, நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைச் சுற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்களினாலேயே தமிழகத்தில் பலர் அறிவார்கள். கம்பத்திலும் கூடலூரிலும் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் நெல் விளைய, மலையின் மழைமறைவில் அமைந்த இப்பக்கத்து மானாவாரி நிலங்களோ வானத்தை நம்பியே வாழ்கின்றன. இத்தகைய பூமிக்கு உகந்த தாவரம் தண்டுக்கீரை. சோளத்துக்கும் கம்புக்கும் இயற்கை அருளியிருக்கிற அதே விசேஷமான ஒளிச்சேர்க்கை முறை இதற்கும் வாய்த்திருப்பதால், உக்கிரமான வெயிலிலும் சொற்ப நீரைக் கொண்டே இது தழைத்து வளரும். அரிசி களைந்த நீர் போய்ச் சேரும் மூலையில் ஒரு பாத்தி போட்டால் போதும்.

கடுகினும் சிறிய விதையாதலால், அதை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிதாய் மண் போர்த்தி, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். சுமார் 25 நாளில் வேரோடு பிடுங்கினால் முளைக்கீரை. நெருக்கத்தைக் கலைத்து மேலும் வளரவிட்டால், சாம்பாருக்கும் பொரியலுக்கும் ஏற்ற சதைப்பற்றுள்ள தண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 என்னும் ரகத்தையோ, விதைத்த 20 நாள் முதல் வாரம் ஒருமுறையாகப் பத்துத் தடவை வரை கிள்ளி எடுக்கலாம். மக்கிய தொழுவுரமே இதற்குச் சிலாக்கியமானது. யூரியாவை அள்ளிப் போட்டால் பச்சை கண்ணைப் பறிக்கும், ஆனால் இலையில் நைட்ரேட் மிகுதியாய்ச் சேரும். சந்தைக் கட்டில் இதை நாம் எவ்வாறு அறிய முடியும்? வீட்டுப் பாத்தியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவே பிரதான காரணம்.

சமையலில் நம் பாட்டிமார் கடைப்பிடித்த முறை முற்றிலும் சாஸ்திரோக்தமானது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சை மிளகாய் சேர்த்துச் சட்டியை மூடாமல் வேகவைக்கும்போது, இலையிலுள்ள அமிலம் ஆவியோடு வெளியேறுவதால் பச்சை நிறம் கெடுவதில்லை. மத்தால் கடைந்தபின் கடலை எண்ணெயில் தாளிப்பதும் வெறும் வாசனைக்காக மட்டுமன்று: கண்பார்வைக்கு ஆதாரமான வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின், கொழுப்பின் துணை இருந்தால்தான் உடலில் நன்கு சேரும். தக்காளியோ எலுமிச்சையோ உடனிருந்தால் கீரையின் இரும்புச்சத்தும் எளிதில் கிரகிக்கப்படும். ஆக்ஸாலிக் அமிலம் இதில் உண்டாகையால், சிறுநீரகக் கல் உபாதையுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் அந்த அமிலம் ஓரளவு குறையும்.

இலையைச் சுருட்டிப் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று வரும். காலையில் இலையோடு கிள்ளி அப்புறப்படுத்துவதே, உண்ணும் செடிக்கு மருந்தடிப்பதைவிட உத்தமம். வாளிப்பான நாலைந்து செடிகளை மட்டும் கிள்ளாமல் விட்டுவைத்து, கதிர் முற்றி விதை கறுத்ததும் அறுத்துக் காயவைத்துத் தட்டினால், மறு விதைப்புக்கு மட்டுமின்றி அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் விதை மிஞ்சும். பாத்தியோரத்தில் தானாய் முளைக்கும் முள்ளுக்கீரையை மாத்திரம், பூக்குமுன்பே களைந்துவிட வேண்டும்.