வயதாகும் முதலாளியும் வளரும் மருத்துவச் செலவும்

எறையூரில் கடை வைத்திருப்பவருக்கு ஆண்டு என்பது சித்திரையில் பிறப்பதில்லை. சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கினால்தான் நமக்கு ஆண்டு பிறக்கும். வெட்டிய கரும்புக்குப் பணம் பட்டுவாடா ஆகும்வரை சிட்டையில் பாக்கி ஏறிக்கொண்டே போகும். பணம் வந்ததும் பாதி அடையும். மீதி அடுத்த அரவைக்குத் தள்ளிப்போகும். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவை இடையிடையே கைகொடுக்கும். இப்படி நம் பணத்துக்குப் பருவம் உண்டு. நோய்க்குப் பருவம் கிடையாது. இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் நம்மில் பலருடைய முதல் கரைந்து போகிறது.

என் தகப்பனார் 71 வயதுவரை கல்லாவில் உட்கார்ந்தவர். ஒரு மாசி மாத இரவில் நெஞ்சு வலிக்கிறது என்றார். பெரம்பலூர் கொண்டுபோய், அங்கிருந்து திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு அடைப்புகள், ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். பணம் கட்டுவதற்காக, ஓடிக்கொண்டிருந்த ஏலச்சீட்டைப் பெரிய தள்ளுபடியில் எடுத்தேன். விலை ஏறும் என்று இருப்பு வைத்திருந்த மல்லி மூட்டைகளைக் கேட்ட விலைக்குக் கொடுத்தேன். காப்பீடு இல்லாமல் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் அப்பாவின் பத்து வருடச் சர்க்கரை நோயை எழுதாமல் விட்டிருந்தோம். "எழுதினால் பிரிமியம் கூடும், விடுங்கள்" என்றார் முகவர். நாங்களும் விட்டுவிட்டோம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. முகவரைக் குறை சொல்லி என்ன பயன்? கையெழுத்து அப்பாவுடையதுதான். அந்த அனுபவத்துக்குப் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் நம் எறையூரிலேயே சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கப்பட்டது. அங்கே தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண், சம்பள வரம்புக்குள் இருந்தால், ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வருகிறார். அவருக்கு அரிசி பருப்பு விற்கும் நமக்கு அது இல்லை. அரசு ஊழியருக்குத் தனித் திட்டம் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீடு, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கிறது. அதற்கு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. பிறகு 1,20,000 ஆக உயர்ந்தது. பெட்டிக்கடை, தள்ளுவண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். அட்டை எடுக்காமல் இருக்கிறார்கள். கொஞ்சம் பெரிய கடை, ஜி.எஸ்.டி. எண் என்று இருந்துவிட்டால் வரம்பைத் தாண்டிவிடுகிறோம். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. ஊர் நம்மை முதலாளி என்கிறது. முதல் எல்லாம் சரக்கிலும் கடன் பாக்கியிலும் இருப்பது நமக்குத்தான் தெரியும்.

1989-இல் ஏற்பட்ட தமிழ்நாடு வணிகர் நல வாரியம் இருக்கிறதே என்பீர்கள். உறுப்பினர் காலமானால் குடும்பத்துக்கு உதவித்தொகை தருகிறது. 2025 மே 5 வணிகர் மாநாட்டில் அதை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தும் அறிவிப்பும் வந்தது. நல்லதுதான். ஆனால் அது நாம் போன பிறகு வரும் பணம். மத்திய அரசு 2019-இல் சிறு வணிகர்களுக்குக் கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டம் 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் தருவது. 18 முதல் 40 வயதுக்குள்தான் அதில் சேரலாம். மகனைச் சேர்க்கலாம், நமக்கு வண்டி போய்விட்டது.

செலவு ஏன் இப்படி ஏறுகிறது? நோயாளிகளின் வயது ஒரு காரணம். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். 2031-இல் பதினெட்டுப் பேர் ஆவார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. இளம் வயதில் காய்ச்சல் வந்து போகும்; முதுமையில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வந்தால் போவதில்லை. மாதா மாதம் மாத்திரை, ஆண்டுக்கு நான்கு முறை பரிசோதனை, கண், சிறுநீரகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

இன்னொரு காரணம் வியாபாரிகளான நமக்கு எளிதில் புரியும். மற்ற எந்தச் சரக்கிலும் வாங்குபவர் விலை கேட்பார், பேரம் பேசுவார், அடுத்த கடைக்குப் போவார். மருத்துவத்தில் எதை வாங்க வேண்டும் என்பதை விற்பவரே முடிவு செய்கிறார். பேரம் பேச நேரமும் இல்லை, மனமும் இல்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்சவரம்பு நிர்ணயித்தபோது, லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கப்பட்ட மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. ஒரே நாளில் அவ்வளவு இறங்கியது என்றால் இடையில் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! மருந்துகளிலும் அத்தியாவசியப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அரசு விலை வரம்பு வைக்கிறது. சில்லறை லாபம் 16 சதவீதம் என்று கணக்கிட்டே அந்த வரம்பு போடப்படுகிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம்வரை விலை ஏற்றிக்கொள்ளலாம். அட்டைமேல் போடும் விலைக்கும் கம்பெனியிலிருந்து வரும் விலைக்கும் உள்ள தூரத்தை மருந்துக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களே சொல்வார்கள், அவர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால்!

இதற்கு நேர்மாறான ஒரு பாடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்படுத்தப்பட்டது. அதன் கொள்முதல் முறையை மொத்த வியாபாரிகள் அவசியம் கவனிக்க வேண்டும். தேவையான மருந்துகளுக்கு மட்டும் ஒரு பட்டியல். மாநிலம் முழுமைக்கும் சேர்த்து ஒரே டெண்டர். வர்த்தகப் பெயரில் வாங்குவதில்லை, மருந்தின் பெயரில் வாங்குவார்கள். வந்த சரக்கில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தேறினால்தான் கிடங்கிலிருந்து வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு, வரம்புக்குள் எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாக, ஒழுங்காக வாங்கினால் விலை இறங்கும் என்ற நம் பழைய சூத்திரம்தான். பிற மாநிலங்கள் பின்னர் இதைப் பார்த்தே தங்கள் கழகங்களை அமைத்தன.

அந்த மருந்துதான் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடியே வருகிறது. கடைக்காரர் வீட்டில் அதை வாங்குவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. நானும் நினைத்திருக்கிறேன். மாதம் மருந்துக்குப் போகும் பணத்தைப் பேரேட்டில் தனிப்பக்கம் போட்டு ஒரு வருடம் எழுதிப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. வெளியே வாங்குவோருக்கு மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன.

இனி காப்பீடு. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி தருவதில்லை என்ற பேச்சு பழையது. 2024 ஏப்ரலில் அந்த வயது வரம்பு நீக்கப்பட்டது. முன்பே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலமும் நான்கு ஆண்டிலிருந்து அதிகபட்சம் மூன்றாகக் குறைந்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரிமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, "நோயை மறைத்தீர்கள்" என்று கம்பெனி தகராறு செய்ய முடியாது. ஆகவே தவணை தவறாமல் இருப்பது முக்கியம். அரவைப் பணம் வரட்டும் என்று புதுப்பிக்காமல் விட்டால் காத்திருப்பை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டிவரும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய முறையில் வருமான வரி கட்டுவோருக்குப் பிரிமியத்துக்குக் கழிவும் உண்டு. ஆனால் ரொக்கமாகக் கட்டினால் கிடையாது. கல்லாப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டும் நம் பழக்கத்துக்கு இது ஓர் எச்சரிக்கை.

பலர் ஏமாறும் இடம் அறை வாடகை. 3 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை நாளொன்றுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 6,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள். கூடுதல் 3,000 மட்டும்தானே நம் பொறுப்பு என்று தோன்றும். அப்படியல்ல. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியைத்தான் கம்பெனி ஏற்கும். மருந்துக்கும் உள்ளே பொருத்தும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கிடையாது. எனவே அறை வாடகைக்கு வரம்பு இல்லாத பாலிசியைக் கேளுங்கள். இல்லையென்றால் வரம்புக்குள் அறையைக் கேளுங்கள். முதியோர் பாலிசிகளில் பத்து, இருபது சதவீதம் நாமே ஏற்கும் பங்கும் இருக்கும். அதையும் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும்.

சங்கமாகச் சேர்ந்து குழுக் காப்பீடு எடுப்பது பற்றிப் பொதுக்குழுவில் பேச்சு வந்தால் நான் ஆதரிப்பேன். மொத்தக் கொள்முதலின் பலம் அதிலும் உண்டு. முன்பே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்புக் கேட்டுப் பேரம் பேசலாம். குறையும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. ஒரு வருடம் கோரிக்கைகள் அதிகமானால் மறு வருடம் பிரிமியம் ஏறும். இளைஞர்கள் "எனக்கென்ன நோயா" என்று விலகினால் முதியவர்கள் மட்டும் மிஞ்சித் திட்டம் கவிழும். அதனால் தனிப் பாலிசி உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு இதில் சேரக் கூடாது.

கடைசியாக ஒரு சிறு வேலை. பாலிசி நகல், ஆதார், காப்பீட்டு அட்டை, தற்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, கடைசிப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கல்லாவுக்குக் கீழ் இழுப்பறையில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டம்மாவிடமும் கடைப் பையனிடமும் சொல்லுங்கள். அப்பாவைக் கொண்டுபோன அன்று அந்தத் தாள்களைத் தேடியே எங்களுக்கு முக்கால் மணி நேரம் போனது.