ஆடி வெள்ளியில் பட்டை வாசம்

"ஏம்மா, கறி எடுத்தியா?"

ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அத்தையின் குரல். இல்லை என்றேன். "பின்ன எங்கேருந்து பட்டை வாசம்? ஆடி வெள்ளியும் அதுவுமா..." என்று இழுத்தவர், முடிக்காமலே எழுந்து சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்.

ஜூலை கடைசி. ஷார்ஜாவில் வெளியே 44 டிகிரி. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்று நான்கு பேருக்கு டிக்கெட் விலை பார்த்துத் தலை சுற்றியதில், அதற்குப் பதிலாக அத்தையை விசிட் விசாவில் வரவழைத்திருந்தோம். நான் ஓவன் கதவைத் திறந்து காட்டினேன். தட்டில் சுருள் சுருளாகப் பன்னிரண்டு. ஓரங்களில் சர்க்கரை இன்னும் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"இது இனிப்பு, அத்தை. சின்னமன் ரோல்."

"இனிப்புலயா பட்டையைப் போட்டே?" பாயசத்தில் வெங்காயம் நறுக்கிப் போட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பக்கத்துச் சமையலறையில் பட்டைக்கு ஒரே சேர்க்கைதான். கிராம்பு, பிரிஞ்சி இலை, சோம்பு, காய்ந்த எண்ணெய். அது சடசடத்தால் பின்னாலேயே கறியோ, குறைந்தபட்சம் ஒரு குருமாவோ வர வேண்டும். இனிப்பென்றால் ஏலக்காய், சுக்கு, மிஞ்சிப்போனால் சாதிக்காயும் பச்சைக் கற்பூரமும். நானும் கல்யாணமாகி இங்கே வரும்வரை பட்டையைச் சர்க்கரையோடு சேர்த்து நினைத்ததில்லை. முதன்முதலில் ஒரு மாலில் எஸ்கலேட்டர் ஏறும்போது அந்த வாசம் அடித்தது. ஃபுட் கோர்ட்டில் பிரியாணி இறக்குகிறார்கள் என்று நினைத்துப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் பன்! 1985-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் பக்கத்தில் ஒரே கடையாகத் தொடங்கிய சின்னபன் அது. இன்று வளைகுடாவில் அது இல்லாத பெரிய மால் அபூர்வம்.

ஆனால் பட்டையை இனிப்பில் சேர்க்க அமெரிக்காக்காரன் வந்துதான் இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று நினைத்தால் தப்பு. கடைப் பாக்கெட்டில் 'கிர்ஃபா' என்று அச்சிட்டிருந்தாலும், வளைகுடாக்காரர்கள் வாயில் வருவது 'தார்சீன்'. பாரசீகத்திலிருந்து வந்த சொல். சீன மரம் என்று பொருள். நம் வடக்கத்தியர்களின் தால்சீனியும் அதேதான். பஹ்ரைனிலும் குவைத்திலும் தேயிலையே போடாமல் பட்டையை மட்டும் கொதிக்கவிட்டுச் சர்க்கரை சேர்த்துக் குடிக்கிறார்கள். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தின் மேல், வெண்ணெயில் வறுத்த கோதுமை மாவை ஊற்றி, ஏலமும் பட்டையும் தூவினால் அது ரங்கீனா. மச்பூஸ் சோற்றிலும் அதே பட்டைதான் கிடக்கும். ஒரே டப்பாவிலிருந்து கறிக்கும் எடுப்பார்கள், பேரீச்சம்பழத்துக்கும் எடுப்பார்கள். கறிக்கு வேறு, இனிப்புக்கு வேறு என்று கோடு கிழித்தது நாம்தான்.

அரபிகளுக்கும் பட்டைக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். ராட்சதப் பறவைகள் எங்கிருந்தோ பட்டைக் குச்சிகளைக் கொண்டுவந்து, மனிதர் ஏற முடியாத செங்குத்துப் பாறையில் கூடு கட்டுமாம். அரபிகள் கீழே பெரிய பெரிய மாட்டிறைச்சித் துண்டங்களைப் போட்டு ஒளிந்துகொள்வார்களாம். பறவை அதைத் தூக்கிக் கூட்டில் வைக்க, பாரம் தாங்காமல் கூடு சரிய, ஓடிப்போய்க் குச்சிகளைப் பொறுக்கிக்கொள்வார்களாம். ரோமாபுரியின் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, இதெல்லாம் விலையை ஏற்றக் கட்டிவிட்ட கதை என்று போட்டு உடைத்துவிட்டார். வியாபாரி சரக்கு வரும் ஊரைச் சொல்லவே மாட்டான். துபாயின் மசாலா சூக்கில், அதாவது சந்தையில், இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், "பெஸ்ட் குவாலிட்டி, மேடம்" என்றுதான் பதில் வரும்.

சரி, மாவுக்கு வருகிறேன். அன்றைய சுருளுக்கு நான் மாவு பிசையவில்லை. ஈஸ்ட் ஊறவைக்கவில்லை. இதைச் சொன்னதும் அத்தைக்கு இரண்டாவது அதிர்ச்சி. "மாவையுமா கடையில வாங்குவாங்க?" எங்கள் ஃபிரிட்ஜில் இட்லி மாவே பாக்கெட்டில் இருந்தது அவர் கண்ணில் அதுவரை படவில்லை.

இங்குள்ள பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் ஃப்ரீசர் வரிசையில் ஒரு முறை நிதானமாக நடந்து பாருங்கள். ஊரில் யாரெல்லாம் வாழ்கிறார்கள் என்பதைக் கண்ணாடிக் கதவு வழியே படித்துவிடலாம். மலையாளிகளுக்கு மலபார் பரோட்டா. நோன்பு நெருங்கினால் மலைபோலக் குவியும் சமோசா லீஃப். ஃபிலிப்பைன்ஸ்காரர்களுக்கு லும்பியா சுற்றும் தாள். லெபனான், சிரியாக்காரர்களின் பக்லாவாவுக்கு வெங்காயச் சருகு போன்ற ஃபிலோ. குனாஃபாவுக்குச் சேமியாவைவிட மெல்லிய கத்தாயிஃப் நூல். அதற்குப் பக்கத்தில், ஜெத்தாவின் சுன்புலா போன்ற கம்பெனிகள் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கித் தரும் பஃப் பேஸ்ட்ரி. சுன்புலா என்றால் தானியக் கதிர்.

பஃப் பேஸ்ட்ரி என்றதும் பயப்பட வேண்டாம். நம் ஊர் பேக்கரியில் நான்கு மணிக்குச் சூடாக வரும் முட்டை பஃப்ஸ் இருக்கிறதே, அதன் மேல்தோல்தான். மாவுக்கு நடுவில் கொழுப்பை வைத்து, மூன்றாக மடித்து, தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி மடித்து, இப்படி ஆறு தடவை செய்தால் 729 அடுக்கு. ஓவன் சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். இடையிலுள்ள கொழுப்பு அவை ஒட்டாமல் காக்கும். இதை வீட்டில் செய்ய அரை நாளும் குளிர்ந்த அறையும் வேண்டும். எங்கள் ஃபிளாட்டில் சமையலறைக்கு ஏசி கிடையாது. வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகிவிடும். ஜூலையில் மாவு தேய்க்க உட்கார்ந்தால் சப்பாத்திதான் மிஞ்சும். ஆகவே வாங்குவதில் எனக்கு வெட்கமே இல்லை.

வாங்கினால் மட்டும் போதாது என்பதை ஒரு பாக்கெட்டைப் பறிகொடுத்துத்தான் கற்றேன். மளிகையோடு அதையும் டிக்கியில் போட்டுவிட்டு, பையனை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது சதுரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண்ணாகியிருந்தன. திரும்ப ஃப்ரீசரில் வைத்து இறுக்கினேன். சுட்டால் எழும்பவே இல்லை. கொழுப்பு ஏற்கெனவே மாவுக்குள் கலந்துவிட்ட பிறகு அடுக்கு எங்கே இருக்கும்? கடினமான, எண்ணெய் வடியும் பிஸ்கட்தான் வந்தது. அதிலிருந்து குளிர்ப்பை இல்லாமல் அந்த வரிசைக்கே போவதில்லை.

செய்முறை பெரிய வித்தை இல்லை. பாக்கெட்டை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். வெளியே வைத்து இளக்குவது குளிர்காலத்துக்குச் சரி; இந்த வெயிலில் பத்து நிமிடத்தில் தொளதொளத்துவிடும். 50 கிராம் வெண்ணெயை உருக்காமல் விரலால் மசியும் பதத்தில் எடுத்து, 75 கிராம் நாட்டுச் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குழைக்க வேண்டும். உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்பு. நான்கு சதுரங்களின் ஓரங்களை லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அழுத்தினால் ஒரு பெரிய தாள். அதில் ஒரு ஓரம் ஒரு விரல் அகலம் விட்டுப் பூசி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுங்கள். கத்தியால் வெட்டினால் நசுங்கும். தையல் நூலைச் சுருளுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே குறுக்காக இழுத்தால் வட்டம் அழகாகத் துண்டாகும். அத்தைக்கு இந்த இடம் மட்டும் ரொம்பப் பிடித்தது. மிச்சச் சுருளை அவர்தான் அறுத்தார். வெட்டியதைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, 200 டிகிரியில் முன்பே சூடேறிய ஓவனில் 18 முதல் 20 நிமிடம்.

ஓவன் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். வளைகுடாவில் பெரும்பாலான தமிழ் வீடுகளில் இருக்கும். நான்கு அடுப்பு குக்கிங் ரேஞ்சுக்கு அடியில். அதற்குள் தோசைக்கல், பணியாரச் சட்டி, இடியாப்பத் தட்டு எல்லாம் குடியிருக்கும். முதல் வேலை அவற்றை வெளியேற்றுவது.

மேலே வெள்ளைக் கிரீம் வேண்டுமென்றால், இங்கே கிஷ்தா என்று டின்னில் விற்கிறார்களே, அதில் இரண்டு கரண்டி கண்டென்ஸ்டு மில்க் கலந்தால் தீர்ந்தது. பேரீச்சை விழுது வைத்தும் சுருட்டலாம். மாமூல் என்கிற அரபு பிஸ்கட் செய்வதற்கென்றே கட்டியாக விற்பார்கள், சர்க்கரையே தேவைப்படாது. சுருள் மிஞ்சி நமத்துப்போனால் எறியாதீர்கள். பிய்த்துப் போட்டு, சூடான பாலும் முந்திரி, பிஸ்தாவும் சேர்த்து மறுபடி ஓவனில் வைத்தால் உம்மு அலி, அதாவது அலியின் அம்மா. எகிப்தில் 1257-ல் சுல்தான் ஐபக் கொலையாக, கொல்லச் சொன்ன ராணி ஷஜருத் துர்ரை சுல்தானின் மூத்தாளான அந்த அலியின் அம்மா தீர்த்துக்கட்டி, அந்தச் சந்தோஷத்தில் ஊருக்கே வழங்கிய இனிப்பு என்று கதை. சக்களத்திக் கணக்கு தீர்த்த பண்டம் இன்று வளைகுடாவின் கல்யாண பஃபேக்களில் வரிசையாக நிற்கிறது.

ஓவனே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். என் சித்தப்பா மகன் துபாயின் அல் கூஸில் ஷேரிங் ரூமில் இருக்கிறான். எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு. அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது குப்பூஸ் வழி. குப்பூஸ் என்ற அரபு ரொட்டியைப் பிளந்தால் பை மாதிரி இரண்டாகும். உள்ளே வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் தடவி மூடி, தவாவில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வாட்ட வேண்டும். "அக்கா, ரூமே பிரியாணி ரூம் மாதிரி ஆயிடுச்சு, எல்லாரும் தட்டு எடுத்துட்டு வந்துட்டாங்க" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். இன்னொரு வாரம் ஃப்ரோஸன் பரோட்டாவில் முயன்றிருக்கிறான். பரோட்டாவில் அடுக்கு ஏற்கெனவே இருப்பதால் பாதி இளகியதும் பூசிச் சுருட்டினால் போதும். தவாவில் மூடி போட்டுச் சின்னத் தீயில் வேகும்.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1 திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் துபாய் க்ரீக்கைத் தாண்டித் தேரா சூக்குக்குப் போனால் இரண்டு விதம் இருக்கும். ஒன்று தடித்த மரப்பட்டை, ஒற்றைச் சுருள், மிக்ஸி பிளேடையே மழுக்கும். சீனா, வியட்நாம், இந்தோனேசியாவிலிருந்து வரும் காசியா வகை அது. நம் பிரியாணிப் பட்டையும் பெரும்பாலும் அதுவே. மற்றது இலங்கையின் கறுவா. காகிதம்போல் மெல்லிய பல தாள்கள் சுருட்டுப்போல் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினால் உடையும். இளங்கிளைகளை வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையை முழுசாக உரித்தெடுக்கும் கைவேலை அது. இதற்காகத்தான் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக அந்தத் தீவில் இறங்கினார்கள். கொழும்பின் பணக்காரப் பகுதிக்கு இன்றும் கறுவாத் தோட்டம் என்றே பெயர். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது.

இனிப்புக்கு எனக்குக் கறுவாதான். காசியா காரமாக முன்னால் வந்து நிற்கும். கறுவா சற்றுத் தாமதமாக, மெல்ல வரும். இன்னொரு காரணமும் உண்டு. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ளவர் தினமும் சாப்பிட்டாலும் பாதகமில்லாத அளவு 2 கிராம் காசியா என்கிறது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம். குழந்தைக்கு அதைவிட மிகக் குறைவு. வாரம் ஒரு ரோலுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் சுகருக்கு நல்லது என்று யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னதைக் கேட்டுத் தினமும் ஸ்பூன் ஸ்பூனாக விழுங்குகிறவர்கள் தங்கள் டப்பாவில் இருப்பது எந்தப் பட்டை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அத்தை அன்று ஒரு ரோலைக் கையில் வாங்கி, பூஜை அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. காபி கேட்டார். சாயங்காலம் எண்ணியபோது தட்டில் ஏழுதான் இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் கால் கிலோ கறுவாவும் போயிற்று. இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார். பாளையங்கோட்டை முழுக்க அந்த மாவு கிடைக்கவில்லையாம். யோசித்துப் பார்த்து, தெருமுனை பேக்கரிக்கே போய், "தம்பி, சுடாத பஃப்ஸ் ஒரு டஜன் குடுப்பா" என்று கேட்டிருக்கிறார்.

"குடுத்தானா அத்தை?"

"எங்கே? வெஜ்ஜா, முட்டையாம்மான்னு கேக்கான்."