காணாமல் போன பூட்ஸ்

துப்பறியும் நாவலில் மூடுபனியையும் பாழ்நிலத்தையும் பக்கம் பக்கமாக வருணிக்கிறார்களே, அதைத் தள்ளிவிட்டுப் படித்தால் என்ன நஷ்டம் என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். நஷ்டம் உண்டு. ஒரு பூட்ஸை வைத்துச் சொல்கிறேன்.

ஆர்தர் கானன் டாய்லின் 'பாஸ்கர்வில்லின் வேட்டைநாய்' 1901 ஆகஸ்டிலிருந்து 1902 ஏப்ரல் வரை லண்டனின் ஸ்ட்ராண்ட் இதழில் தொடராக வந்தது. முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு நூலகத்துக்குக் கிளம்பினால் எனக்கு வருத்தமில்லை.

பாஸ்கர்வில் பரம்பரையையே துரத்தும் பேய்நாய் என்றொரு கதை. அந்தக் குடும்பத்துப் பெரியவர் செத்துக் கிடந்த இடத்துக்கருகே பிரம்மாண்டமான நாயின் காலடித் தடம். வாரிசான சர் ஹென்றி கனடாவிலிருந்து வந்து லண்டன் ஓட்டலில் தங்குகிறார். மெருகு போட வெளியே வைத்த அவருடைய பழுப்பு பூட்ஸில் ஒன்று காணோம். ஒருமுறைகூடக் காலில் போடாத புத்தம் புதுசு. மறுநாள் பழைய கறுப்பு பூட்ஸில் ஒன்று தொலைகிறது. புதுசு அறையிலேயே அலமாரிக்கடியில் கிடைக்கிறது. அவர் ஓட்டல் பணியாளிடம் கத்துகிறார், நாம் சிரிக்கிறோம். டாய்லுக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டும்.

என் பெரியம்மா கடன் கேட்க வந்தால் இப்படித்தான். மழை, மாடு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசுவாள். நடுவில் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டக் கடைசி நாள் ஒன்று வந்து போகும். அதுதான் விஷயம் என்பது அவள் எழுந்து போன பிறகே உறைக்கும்.

பூட்ஸ் விஷயமும் அப்படித்தான். பேய்க்கு மோப்பம் எதற்கு? போடாத பூட்ஸில் மனித வாடை இல்லை. அதனால் திருடன் அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போட்டுப் பழகியதை எடுத்தான். ஆக, வரப்போவது ரத்தமும் சதையுமான நாய். விடை ஐந்தாம் அத்தியாயத்திலேயே நம் கையில் இருக்கிறது. ஆறாம் அத்தியாயத்தில் கதை டார்ட்மூர் பாழ்நிலத்துக்கு நகர்கிறது. மட்டக் குதிரைகளை விழுங்கும் சதுப்பு, எங்கிருந்தோ வரும் ஊளை, சிறையிலிருந்து தப்பிய கைதி. அந்த வருணனையில் நனைந்த மனசு பேயைப் பாதி நம்பிவிடுகிறது. பூட்ஸ் மறந்தே போகிறது. பிறகு அந்தக் கைதியை நாய் துரத்த, அவன் பாறையிலிருந்து விழுந்து சாகிறான். அவன் உடம்பில் இருந்தது சர் ஹென்றியின் பழைய உடை. அதே வாடைதான், அப்போதும் நமக்கு உறைப்பதில்லை.

டாய்ல் எங்கும் நேர்மையாக நடந்தார் என்று சொல்லமாட்டேன். சர் ஹென்றிக்கு வந்த மொட்டைக் கடிதத்தைத் துப்பறிவாளர் ஹோம்ஸ் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார் என்று எழுதியவர், அதில் மல்லிகை அத்தர் மணந்ததைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்துவிட்டார். கையைக் காட்டி மூக்கை மறைப்பது ஏமாற்று.

ஆனாலும் வெட்டிச் சுருக்குகிறவர்கள் செய்வதற்கு இது தேவலை. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று போட்ட ஒரு சுருக்கப் பதிப்பைப் புரட்டினேன். சதுப்பு இரண்டு வரி, மூடுபனி ஒரு வரி. பூட்ஸும் ஒரே ஒருமுறைதான் தொலைகிறது. புதுசு திரும்பி வந்த இடத்தை, சும்மா ஓட்டல் ரகளைதானே என்று எடுத்துவிட்டார்கள் போலும். கடைசியில் நாய் மட்டும் சரியாகப் பாய்ந்து வருகிறது.